அழித்த மால்வேர் திரும்பி வந்தால்: வீட்டுக் கணினியை வேரோடு சுத்தம் செய்ய முழுமையான வழிகாட்டி

கணினியில் மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் நிரல், புகுந்திருக்கிறது. ஆன்டிவைரஸை ஓட்டுகிறீர்கள். நாலைந்து ஃபைல்களைப் பிடித்து அழித்துவிட்டதாகச் சொல்கிறது. அப்பாடா என்று ரீஸ்டார்ட் செய்து பிரவுசரைத் திறந்தால் அதே அந்நியத் தேடல் பக்கம், மூலையில் அதே விளம்பரம். மறுபடி ஸ்கேன், மறுபடி அழிப்பு, மறுபடி அதே கதை. கோரைப்புல் பிடுங்கியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மேலே தெரியும் புல் கையோடு வந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு அப்படியே கிடக்கும்.

அக்கா வீட்டுக் கணினியில் எனக்கு இப்படித்தான் ஆனது. இரண்டு முறை சுத்தம் செய்து கொடுத்தேன். "நீ போன வாரம்தான சரி பண்ணிட்டுப் போன? அதே பக்கம் மறுபடி வந்து நிக்குது பாரு" என்று மூன்றாவது முறை போன் வந்தது. அன்றைக்குத்தான், நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஏதோ பிரவுசர் அப்டேட் போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு வேலை இருந்தது. கணினியில் உள்ளே நுழையும்போது ஒரு முறை, அதன்பின் அரை மணிக்கு ஒரு முறை ஓடும்படி அமைத்திருந்தார்கள். அது ஓட்டிய ஃபைல், நிரல்கள் தங்கள் தகவலை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், அர்த்தமில்லாத எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு துணை ஃபோல்டரில் இருந்தது. நோட்பேடில் திறந்தால் சில வரிகள்தான். ஏதோ ஒரு முகவரிக்குப் போய் ஒரு நிரலை இறக்கி ஓட்டு, அவ்வளவுதான். இறக்கப்பட்ட நிரலை ஆன்டிவைரஸ் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அழித்துக்கொண்டிருந்தது. இறக்குகிற அந்தச் சின்ன ஸ்கிரிப்ட் தன்னளவில் எந்தக் கெடுதலும் செய்யாததால் அதன் மேல் கை வைக்கவில்லை.

பிடிவாதமான மால்வேர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தொல்லை தருவது ஒன்று, அதைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது வேறொன்று. கீழே சொல்லப்போகும் வரிசை அந்த இரண்டாவதைப் பிடிப்பதற்காக அமைத்தது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில்: இது மால்வேர்தானா?

திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தால், பல நேரம் அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்" என்று கேட்டிருப்பார்கள், அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுத்துவிட்டீர்கள் என்பதுதான் விஷயம். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். தொல்லை அந்த நிமிடமே நின்றால் வேலை முடிந்தது.

முழுத்திரையும் சிவப்பாகி, சைரன் அலறி, "இந்த எண்ணை அழையுங்கள்" என்று வருவதும் வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். அந்த எண்ணை மட்டும் அழைக்காதீர்கள். மறுமுனையில் இருப்பவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரலை உங்கள் கையாலேயே போட வைப்பார். அதுவரை இல்லாத ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கும்.

இன்னொரு நிலைமை, இதைவிட அவசரமானது. படங்கள், ஆவணங்கள் எல்லாம் பெயர் மாறி, திறக்காமல், பணம் கேட்டு ஒரு குறிப்பு கிடந்தால் அது ரேன்சம்வேர். வைஃபையை உடனே துண்டியுங்கள், செருகியிருக்கும் வெளி டிஸ்க்கைப் பிடுங்குங்கள். பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் ஃபைல்கள் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நெதர்லாந்து காவல்துறை, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், ஆன்டிவைரஸ் நிறுவனமான கேஸ்பர்ஸ்கை உள்ளிட்டோர் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில், பூட்டப்பட்ட ஃபைல் ஒன்றைக் கொடுத்தால் அதற்குத் திறவுகோல் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துச் சொல்கிறார்கள். இன்றைக்கு இல்லை என்றாலும் பூட்டிய ஃபைல்களைத் தனி டிஸ்க்கில் போட்டு வையுங்கள். குற்றவாளிகள் பிடிபடும்போது திறவுகோல்கள் வெளிவருவது உண்டு.

படி 1: இணையத்தைத் துண்டித்து, ஃபைல்களைக் காப்பாற்றுங்கள்

மால்வேர் என்று சந்தேகம் உறுதியானால் முதல் வேலை வைஃபையை அணைப்பது, கேபிள் இருந்தால் பிடுங்குவது. திருடும் வகையாக இருந்தால் அனுப்பும் வழி அடைபடும். இறக்கும் வகையாக இருந்தால் புதிதாக எதையும் இறக்க முடியாது. தேவையான கருவிகளைச் சுத்தமான வேறொரு கணினியில் டவுன்லோடு செய்து பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

இந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ இனி திறக்காதீர்கள். பயத்தில் இங்கேயே உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது புதுச் சாவியை அவன் கண்முன்னே மாட்டி வைக்கிற மாதிரி அது.

அடுத்தது பேக்கப். படம், வீடியோ, ஆவணம் இவை மட்டும். நிரல்கள், இன்ஸ்டால் செய்யும் ஃபைல்கள், கிராக் (பணம் கட்டாமல் ஓட்ட உடைத்த நிரல்) என்று இறக்கி வைத்தவை எதுவும் வேண்டாம். பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ், ஹிடன் ஐட்டம்ஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். அப்போதுதான் 'பில்.பிடிஎஃப்' என்று தெரிந்த ஃபைல் உண்மையில் 'பில்.பிடிஎஃப்.ஈஎக்ஸ்ஈ' என்று பல்லிளிக்கும். ஈஎக்ஸ்ஈ, எஸ்சிஆர், பிஏடி, விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே என்று முடியும் எதையும் எடுக்காதீர்கள்.

பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் ஃபைல்கள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டை இருமுறை சொடுக்காமல், வலது சொடுக்கி பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற கட்டத்தைப் பாருங்கள். உங்கள் ஃபோல்டரின் பெயரோடு கூடவே சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட் என்று கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் நிரலின் பெயர் ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் கள்ளன். ஃபோல்டரைத் திறக்கிற சாக்கில் தன் ஸ்கிரிப்டையும் ஓட்டிவிடுகிறது.

படி 2: விண்டோஸுக்கு வெளியிலிருந்து ஒரு ஸ்கேன்

ஓடிக்கொண்டிருக்கும் மால்வேர் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆன்டிவைரஸை முடக்கும், ஃபைலைப் பூட்டி வைக்கும், தன்னைப் பட்டியலில் தெரியாமல் மறைக்கும். அது விழித்திருக்கும்போது மல்லுக்கு நிற்பதைவிட, தூங்கும்போது பிடிப்பது சுலபம்.

ஆனால் அதற்கு முன்னால் ஓர் இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும், பலரும் கோட்டைவிடும் இடம் இது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். ஸ்கேன் செய்யாமல் விடவேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல் இது. நீங்களாகச் சேர்க்காத எதுவும் இங்கே இருக்கக் கூடாது. சில மால்வேர் உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் தான் தங்கும் ஃபோல்டரையோ, சில நேரம் முழு சி டிரைவையோ இங்கே எழுதிவிடும். அப்புறம் நூறு முறை ஸ்கேன் செய்தாலும் "எதுவும் இல்லை" என்றுதான் வரும். பட்டியலைக் காலி செய்துவிட்டு, அதே பக்கத்தில், பாதுகாப்பு அமைப்புகளை வேறு நிரல் மாற்றாமல் தடுக்கும் டேம்பர் புரொடெக்ஷன் ஆன் ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது ஸ்கேன் ஆப்ஷன்ஸில், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஸ்கேன் ஓடும். சுமார் 15 நிமிடம் ஆகும். முடிவுகள் பிறகு புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் தெரியும். கண்டுபிடித்த பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளைக்கு அதே பெயர் மறுபடி வந்தால் திரும்புவது எது என்று தெரியவேண்டும்.

இது ஓடவே மறுத்தால், அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் செய்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 4 சேஃப் மோடு, 5 இணைய வசதியோடு சேஃப் மோடு. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் இந்த வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே போனில் திறந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பாதி வழியில் மாட்டிக்கொண்டால் கை உதறும்.

டிஃபெண்டர் முடித்ததும் வேறொரு நிறுவனத்தின் கண்ணாலும் ஒரு முறை பார்ப்பது நல்லது. மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு, ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர் இரண்டில் ஒன்று போதும். விளம்பர மால்வேருக்கு அட்வ்கிளீனர் நன்றாக வேலை செய்கிறது. ஈசெட்டுக்கு இணையம் வேண்டும், மற்றதும் புது வைரஸ் பட்டியலை இறக்கிக்கொள்ளக் கேட்கும். அந்த நேரம் மட்டும் இணையத்தைக் கொடுத்து, முடிந்ததும் மறுபடி துண்டியுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ்களை நிரந்தரமாக ஒன்றாக ஓட விடாதீர்கள், ஒன்றையொன்று தடுத்துக் கணினியை நடக்க விடாமல் செய்துவிடும்.

படி 3: கிழங்கைத் தோண்டுவது

வழிகாட்டியில் முக்கியமான பகுதி இதுதான். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

விண்டோஸில் ஒரு நிரல் தானாகத் தொடங்க ஏராளமான இடங்கள் இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதி அதில் ஒரு சின்னத் துண்டைத்தான் காட்டும். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதி, டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ்கள், டிரைவர்கள், விண்டோஸை நிர்வகிக்கும் வசதியான டபிள்யூஎம்ஐ என்று பட்டியல் நீளம். எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்ட ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று. 2006இல் அந்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்டே வாங்கிவிட்டதால் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும். வேறெங்கிருந்தும் இறக்காதீர்கள்.

அதை அட்மினாக ஓட்டுங்கள். முதல் பார்வையில் நூற்றுக்கணக்கான வரிகள் தெரியும், மிரள வேண்டாம். ஆப்ஷன்ஸ் மெனுவில் ஹைடு மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும். மிச்சம் இருப்பவற்றில் இளஞ்சிவப்பு வரிகள் கையொப்பமோ வெளியீட்டாளர் விவரமோ சரியாக இல்லாதவை, மஞ்சள் வரிகள் குறிப்பிட்ட ஃபைலே இல்லாதவை. இளஞ்சிவப்பு எல்லாமே கெட்டதில்லை. தனியாள் எழுதிய நல்ல நிரல்களும் அப்படி வரும்.

எதைச் சந்தேகப்படுவது? நான் பார்ப்பது இவைதான். ஃபைல் ஆப்டேட்டா, டெம்ப், புரோகிராம்டேட்டா ஃபோல்டர்களில் இருப்பது, பெயர் வாயில் நுழையாத எழுத்துக் கூட்டமாக இருப்பது, பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்ஹெச்டிஏ போன்ற விண்டோஸின் சொந்த நிரலை ஓட்டி அதன் பின்னால் நீண்ட புரியாத வரியைத் தொங்கவிட்டிருப்பது, தொல்லை தொடங்கிய தேதியில் உருவாகியிருப்பது. கடைசியாகச் சொன்ன தேதி எனக்குப் பல முறை கைகொடுத்திருக்கிறது. எப்போதிலிருந்து இந்தத் தொல்லை என்று வீட்டில் கேட்டால் ஒருவருக்காவது நினைவிருக்கும். அந்த நாளையொட்டி வந்த ஃபைல்களைத் தேதி வரிசையில் பார்த்தால் கூட்டாளிகள் எல்லாம் ஒரே இடத்தில் சிக்குவார்கள்.

ஒரு எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கும்போது, பவர்ஷெல்லைக் கருவியாகப் பயன்படுத்தும் சில கள்ள வரிகளும் மறைந்துபோகலாம். அதனால் ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், டபிள்யூஎம்ஐ இரண்டு பகுதிகளை மட்டும் மறைக்காமலும் ஒரு முறை பாருங்கள். வீட்டுக் கணினியில் டபிள்யூஎம்ஐ பகுதி பெரும்பாலும் காலியாகவோ ஓரிரு வரிகளோடோதான் இருக்கும். அங்கே ஒரு ஸ்கிரிப்ட் தெரிந்தால் கட்டாயம் விசாரியுங்கள்.

சந்தேகமான வரியை வலது சொடுக்கினால் வைரஸ்டோட்டலில் சோதிக்கும் வசதி இருக்கிறது. 70க்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் அந்த ஃபைலைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும், இதற்கும் இணையம் வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம், பாதிக்குமேல் சொன்னால் சந்தேகமே வேண்டாம். சொந்த ஆவணங்களை அந்தத் தளத்தில் ஏற்றாதீர்கள், அங்கே ஏற்றுபவை பாதுகாப்பு ஆய்வாளர்களோடு பகிரப்படும்.

கள்ளன் என்று உறுதியானாலும் முதலில் வரியை அழிக்காமல் டிக்கை மட்டும் எடுங்கள். தப்பாக எடுத்துவிட்டால் திரும்பப் போட வழி இருக்கும். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். எடுத்த டிக் தானாகத் திரும்பி வந்தால், அதைக் காவல் காக்க இன்னொன்று ஓடுகிறது என்று அர்த்தம். சேஃப் மோடில் ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியில் இருப்பவை சாதாரணமாக ஓடாது, அதனால் அங்கே போய் இரண்டின் டிக்கையும் ஒரே மூச்சில் எடுத்து, ஃபைல்களையும் அழியுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றது அதை மீண்டும் எழுதிவிடும்.

படி 4: பிரவுசர்

கணினி சுத்தமாகிவிட்டது, பிரவுசரில் மட்டும் தொல்லை தொடர்கிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பிரவுசரில் கூடுதலாகப் போடும் குட்டி நிரலான எக்ஸ்டென்ஷன் முதலாவது. தெரியாதவை எல்லாவற்றையும் நீக்குங்கள். முன்பு நல்லதாக இருந்து, வேறு கைக்கு விற்கப்பட்டு, ஓர் அப்டேட்டில் கெட்டதாக மாறிய எக்ஸ்டென்ஷன்களும் இருந்திருக்கின்றன. அதனால் பழக்கமானது என்பதற்காக எதையும் விட்டுவைக்காதீர்கள்.

நீக்கு பொத்தானே வேலை செய்யவில்லை, மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று எழுதியிருக்கிறது என்றால் அது இரண்டாவது காரணம். அலுவலகங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தும் பாலிசி என்ற வசதியை மால்வேர் எடுத்துக்கொண்டிருக்கலாம். சொந்தக் கணினியில் நீங்கள் கேட்காமல் இந்த வாசகம் வந்தால் அட்வ்கிளீனரை ஓட்டிப் பாருங்கள், இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரியில் பாலிசீஸ் பகுதிக்குள் அந்தப் பிரவுசரின் பெயரில் இருக்கும் பகுதியை நகல் எடுத்துவிட்டு அழியுங்கள். சில ஆன்டிவைரஸ்களும் இந்த வாசகத்தை வரவைக்கும் என்பதால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கை வையுங்கள்.

மூன்றாவது சிங்க், ஒரே கணக்கில் இருக்கும் எல்லாக் கணினிகளின் பிரவுசரையும் ஒன்றுபோல வைக்கும் வசதி. இந்தக் கணினியில் எக்ஸ்டென்ஷனை நீக்குவீர்கள், வேறொரு கணினியில் அதே கணக்கில் அது உயிரோடு இருக்கும், அங்கிருந்து இங்கே திரும்ப இறங்கும். சிங்க்கை எல்லா இடத்திலும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தபின் மறுபடி தொடங்குங்கள்.

கடைசியாக, பிரவுசரின் ரீசெட் செட்டிங்ஸை அழுத்தி, டெஸ்க்டாப்பில் இருக்கும் பிரவுசர் ஷார்ட்கட்டின் டார்கெட் கட்டத்தையும் பாருங்கள். நிரலின் பெயருக்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அழித்துவிடுங்கள்.

படி 5: இணையம் போகும் பாதை

விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் அமைப்பு) என்ற பக்கம் உண்டு. அங்கே செட்டப் ஸ்கிரிப்ட், ப்ராக்ஸி சர்வர் இரண்டும் ஆஃப் ஆக இருக்க வேண்டும். அடுத்து, எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போகவேண்டும் என்று எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைல். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி. நோட்பேடில் திறந்தால் எல்லா வரிகளும் # குறியோடு தொடங்குவதுதான் வழக்கம். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர்களோடு 127.0.0.1 (இதே கணினியின் முகவரி) என்று வரிகள் இருந்தால், அந்தத் தளங்களுக்குப் போகவிடாமல் தடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் ரௌட்டர். அதே வைஃபையில் இருக்கும் போனிலும் அதே விளம்பரம் வந்தால் கணினியை விட்டுவிட்டு ரௌட்டரைப் பாருங்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மால்வேர் கதை இதற்கு நல்ல உதாரணம். 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளின் டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித்தரும் சேவை) அமைப்பை மாற்றி, மக்களைத் தன் விளம்பரங்களுக்குத் திருப்பிவிட்டது. சுலபமான பாஸ்வேர்டு வைத்த ரௌட்டர்களையும் விடவில்லை. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தபோது, கள்ள சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் இணையமே நின்றுவிடும் என்ற நிலை. தற்காலிகமாக நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள்.

ரௌட்டரின் பின்னால் இருக்கும் சின்னத் துளையை ஊசியால் அழுத்தி ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ரீசெட்டுக்குப் பின் இணைய நிறுவனம் கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் தேவைப்படலாம், கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரௌட்டருக்குள் இருக்கும் நிரலான ஃபர்ம்வேரை அப்டேட் செய்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ரிமோட் மேனேஜ்மென்ட்டை ஆஃப் செய்யுங்கள்.

எப்போது கைவிடுவது?

என் கணக்கு இது. இத்தனையும் செய்தபின் ஒரு வாரம் கவனியுங்கள். அதே பெயர் ஒரு முறை திரும்பினால் படி 3ஐ இன்னொரு முறை செய்யலாம். மறுபடியும் திரும்பினால் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டு திருடும் வகையோ, தொலைவிலிருந்து இயக்கும் வகையோ பிடிபட்டிருந்தால் அந்த ஒரு வாரம்கூட வேண்டாம், நேராக இங்கே வாருங்கள். அந்நியர் ஒருவர் அட்மின் அதிகாரத்தோடு உள்ளே இருந்திருக்கிறார் என்றால் என்னென்ன விட்டுப்போனார் என்று முழுமையாகச் சொல்ல யாராலும் முடியாது.

சுத்தமான வேறு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றுங்கள். பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழியும். பாதிக்கப்பட்ட கணினியை அதிலிருந்து தொடங்கி, விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை எல்லாம் நீக்கிவிட்டு, காலி இடத்தில் போடுங்கள். இரண்டாவது டிஸ்க் இருந்தால் அதன் கேபிளை முன்பே கழற்றி வைப்பது நல்லது, தவறுதலாக அதை அழித்துவிட்டு அழுதவர்கள் உண்டு. அதே கணினி என்பதால் டிஜிட்டல் லைசென்ஸ் பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும்.

புது விண்டோஸில் முதல் வேலை அப்டேட், இரண்டாவது டிஃபெண்டர் ஆன் என்று உறுதி செய்வது, பேக்கப்பை ஸ்கேன் செய்து ஃபைல்களைத் திரும்ப எடுப்பது அதற்கப்புறம்தான். நிரல்களை அந்தந்த நிறுவனத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.

விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் தப்பிக்கும் மால்வேர் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. கணினியை எழுப்பும் நிரலான யூஇஎஃப்ஐ இருக்கும் மதர்போர்டு சிப்பிலேயே தங்கிய லோஜாக்ஸ் என்ற மால்வேரை 2018இல் ஈசெட் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது அரசு அமைப்புகளைக் குறிவைத்த உளவு வேலை. வீட்டுக் கணினியில் புது விண்டோஸுக்குப் பின்னும் திரும்பினால், பேக்கப்பில் ஒளிந்து வந்ததா, பென்டிரைவா, அதே கிராக்கை யாராவது மறுபடி போட்டார்களா என்று முதலில் பாருங்கள்.

பாஸ்வேர்டுகள்

சுத்தமான போனிலிருந்து, மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் மீட்புக் கடிதமும் அங்கேதான் வருகிறது. பாஸ்வேர்டை மாற்றுவது பாதி வேலைதான். இப்போதைய திருட்டு மால்வேர்கள் பிரவுசரின் குக்கீகளையும் எடுத்துக்கொண்டு போகின்றன. குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், ஏற்கனவே உள்ளே நுழைந்தவராகவே அந்தத் தளம் திருடனை நம்பிவிடும். அதனால் ஒவ்வொரு கணக்கிலும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்ற வசதியைத் தேடி அழுத்துங்கள். மின்னஞ்சலில் ஃபார்வேர்டிங், ஃபில்டர் பகுதிகளையும் பாருங்கள். உங்கள் கடிதங்களின் நகல் வேறு முகவரிக்குப் போகும்படி அமைத்துவிட்டுப் போயிருக்கலாம். மீட்பு எண்ணும் உங்களுடையதுதானா என்று சரிபார்த்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

மறுபடி வராமல் இருக்க

வீட்டுக் கணினிகளில் நான் பார்த்த தொற்றுகளில் பாதிக்குமேல் கிராக் செய்த நிரல், கேம் ஏமாற்று நிரல் இரண்டின் வழியாக வந்தவை. "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்ற வரியைப் பார்த்த இடத்திலேயே நிறுத்துங்கள். பூட்டை நீங்களே திறந்து வையுங்கள் என்று கேட்பதுதான் அது. பணம் கட்ட முடியாத நிரலுக்கு இலவச மாற்று பெரும்பாலும் இருக்கிறது. போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரேஆஃபீஸ்.

அண்மையில் பரவும் ஒரு தந்திரத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று ஒரு பக்கம் கேட்கும். நீங்கள் அறியாமலே ஒரு கட்டளையை, காப்பி செய்தவை தங்கும் கிளிப்போர்டில் வைத்துவிட்டு, அதை உங்கள் கையாலேயே ஓட்ட வைக்கிறார்கள். உண்மையான எந்தச் சோதனையும் அந்த விசைகளை அழுத்தச் சொல்லாது.

அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்டு யூசர் கணக்கு வையுங்கள், அட்மின் கணக்குக்குத் தனி பாஸ்வேர்டு. அக்கா கணினியில் இதைச் செய்த பிறகு மாதத்துக்கு ஒரு முறை போன் வருகிறது. "என்னமோ பாஸ்வேர்டு கேக்குது, குடுக்கலாமா?" அவள் எதைத் திறந்தாள் என்று கேட்டு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. முன்பு அந்த வாய்ப்பே இல்லை.

அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய வானாக்ரை ரேன்சம்வேர் பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைத்திருந்தது. பெரும்பாலும் அந்த அப்டேட்டைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கணினி 11ஐ ஏற்கும் என்றால் மாறிவிடுங்கள். பிரவுசருக்கு ஒரு நல்ல விளம்பரத் தடுப்பானும் போடுங்கள். நிரல் தேடும்போது முடிவுகளின் உச்சியில் வரும் போலி விளம்பரங்கள் இன்றைக்கு ஒரு முக்கிய வாசல்.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். செருகியிருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். வாரம் ஒரு முறை செருகி, நகல் எடுத்து, கழற்றி வையுங்கள். கழற்றும் முன் அதிலிருந்து ஏதாவது ஒரு படத்தைத் திறந்து, முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.